இரட்டை வேகத்தில் ஒரு காதல் பாட்டு

விடத்தல்தீவுக் கரையில் எங்கள் முதல் பாட்டு வீடியோவை எடுத்தோம். படத்தைப் பிறகு மெதுவாக ஓடவிட்டாலும் வாயசைவு பாட்டோடு பொருந்தவேண்டும் என்பதற்காக, பாட்டை இரட்டை வேகத்தில் போட்டுப் பாடகனை வாயசைக்க வைத்தேன். காதல் பாட்டு அணில்போலக் கீச்சிட்டது. அவனுக்குப் பின்னால் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். பாடகன் வெட்கத்தில் வாயை மூடிவிட்டான். பொழுதும் சாய்ந்துவிட்டது.

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியள் அக்கா!" என்று கத்தினேன்.

"சிரிப்பு வருகுது, என்ன செய்யிறது தங்கச்சி?"

வீட்டில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு கண்ணில் தொடங்கி, முகமெல்லாம் மெல்லப் பரவியது. படத்திலிருந்து பாடகனை வெட்டிவிட்டு அந்தப் பெண்களையே வைத்தேன்.

கரையில் போட்டுக் காட்டியபோது ஒரு அக்கா கேட்டார்: "இது நானோ? நான் இவ்வளவு வடிவோ?"

"ஓம் அக்கா."

பாடகனுக்கு இன்னும் கோபம். எனக்கோ, படப்பிடிப்பில் யாராவது சிரித்தால் கமரா தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.