மடுவுக்குப் போன வள்ளம்

கடலுக்குப் போகாத வள்ளத்துக்கு நாள்தோறும் தண்ணீர் வார்க்க வேண்டும் என்பது கலியாணம் முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒரு சம்மாட்டியின் மகள். அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளங்களும் வலைகளும் இருந்தன, அவருக்குக் கீழே ஆட்கள் தொழில் செய்தார்கள். எங்கள் வள்ளங்கள் தண்ணீரிலேயே கிடந்தவை, கரையில் கிடந்து காய்ந்தவை அல்ல. என் கணவருடையது காய்ந்தது. காய்ந்தால் பலகை சுருங்கி இடைவெளி விடும் என்று விடியற்காலையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு போய்க் கடல் தண்ணீர் அள்ளி வருவார். கரையில் காவலுக்கு நின்ற நேவிக்காரன் முதல் நாள் கானைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தான், விரலை விட்டு நக்கியும் பார்த்தான். பிறகு இவரைக் கண்டாலே தலையைச் சரித்துச் சிரிப்பான். வள்ளத்தைக் கடலுக்கு விடமாட்டார்கள், அதனால் கடலை வள்ளத்துக்குக் கொண்டுவருகிறாராம். வள்ளம் நின்ற கொட்டிலைச் சுற்றி மண்ணெல்லாம் உப்புப் பூத்து, நான் நட்ட கத்தரிக் கன்றுகள் ஒன்றுவிடாமல் கருகின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது மீன் பிடிக்கிற வள்ளம் இல்லை. நடுவில் சின்ன அறை, அதற்குள் இரு பக்கமும் ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய இரண்டு பலகைக் கட்டில்கள், ஒரு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க இடம். மலையகத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் விடுமுறைக்கு மனைவியோடு வந்து, கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் தீவு தீவாகச் சுற்றித் திரிவதற்காகச் செய்வித்தது. மற்ற மாதங்களில் அது ட்ரெயிலரோடு என் மாமனாரின் வளவில் நிற்கும். இனக்கலவரத்துக்குப் பிறகு துரை நாட்டைவிட்டே போனார். "நீங்களே வைத்திருங்கள்" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். இவர் வைத்திருந்தார். ஆனால் சண்டை தொடங்கியதும் ஆளையோ சாமானையோ ஒளிக்கலாம் என்று, அறை வைத்த வள்ளத்துக்குக் கடலில் இடமில்லை என்றாயிற்று.

அப்பா அதற்கு வைத்த பெயர் 'நித்திரை வள்ளம்'. அம்மா இறந்த பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். காலைத் தேத்தண்ணீரோடு கொட்டிலைப் பார்த்து ஒரு பகிடி விடாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது போகாது.

"கடலுக்குப் போறது மீன் பிடிக்க. நித்திரை கொள்ளுறதெண்டால் வீட்டிலை பாய் இருக்குத்தானே பிள்ளை," என்பார் என்னிடம், இவருக்குக் கேட்கத்தக்கதாக.

மாமனாருக்குப் பதில் சொல்லும் பழக்கம் இவரிடம் இல்லை. சுரண்டுகிற உளியைக் கொஞ்சம் அழுத்திச் சுரண்டுவார், அவ்வளவுதான்.

வேலை முடிந்த நாளென்று ஒன்று இருந்ததில்லை. மீனவர் சங்கத்தின் எஞ்சின் திருத்தும் இடத்தில் இவருக்கு வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வள்ளம். பெயின்ற் வராத காலத்தில் சுறா எண்ணெய் பூசினார். பூசிய கையால் என் சேலைக் கொடியைத் தொட்டுவிடுவார். நான் வேலை செய்த கந்தோரில் அந்த வாடை தாங்காமல் என் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் மெல்ல மெல்லக் கதிரையை நகர்த்திக்கொண்டு போனார்கள். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பஞ்சோடு சேர்த்துப் பலகை இடுக்கில் அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். அதை என் நல்ல சட்டியில்தான் காய்ச்சினார். வேறு சட்டி இருக்கவில்லையா என்று கேட்டால், "அது அடி கனமில்லை" என்றார். அகதிகளுக்குக் கொடுத்த நீலத் தறப்பாளை வெட்டி, தென்னந்தும்பு அடைத்துப் படுக்கைகளுக்கு மெத்தை தைத்தோம். தைத்தவள் நான்.

ட்ரெயிலர் அதைவிட மோசம். துரையின் அச்சு துருப்பிடித்து முறிந்தபோது, ஒரு பழைய காரின் பின் அச்சைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். அது கடினமாகக் குதிக்கிறது, வள்ளத்தின் அடி வெடித்துவிடும் என்று வில்லுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் என்னை வள்ளத்துக்குள் ஏற்றி உட்காரவைத்து, கொட்டிலைச் சுற்றி ஆட்களைக் கொண்டு இழுப்பித்து, "எப்பிடி, தூக்கி அடிக்குதோ?" என்று கேட்பார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டு இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருமுறை ஷெல் விழத் தொடங்கி, ஊரே எங்கள் தீவை விட்டு அக்கரைக்கு ஓடியது. சனம் நகையையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு ஓட, இவர் ட்ரெயிலரின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிக்கொண்டு வந்தார். சக்கரம் இல்லாவிட்டால் யாரும் இழுத்துக்கொண்டு போகமுடியாதாம். அக்கரையில் நானாட்டான் என்ற ஊரில் ஒரு வயல்காரர் தன் நெல் வைக்கும் அறையை எங்களுக்குத் தந்தார். அந்த அறையில் அப்பாவின் தலைமாட்டில் ஒரு ரயர், கால்மாட்டில் ஒரு ரயர்.

"ஊர் உலகத்திலை மருமகன்மார் மாமனுக்கு என்னென்னவோ குடுக்கினம்," என்றார் அப்பா. வயல்காரர் சிரித்துச் சிரித்து இருமிப் போனார். அந்தச் சிரிப்பில்தான் அவர் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆனார்.

பிறகு சமாதானக் காலம் வந்தது. அடைத்த பாதை திறந்தது, கடலும் திறந்தது. இவர் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, நேவியிடமும் போய் நின்று, வள்ளத்தைக் கடலில் இறக்க அனுமதி வாங்கினார். வாங்கிக்கொண்டு வந்த அன்று சோறு சாப்பிடாமல் கொட்டிலுக்குள்ளேயே இருந்தார். உள்ளே இருந்து ஏதோ பாட்டு முனகுகிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்து இவர் பாடியது அதுதான் முதல் தடவை. மடு மாதாவின் ஆவணித் திருநாள் முடிய இறக்குவது என்று முடிவு.

அப்பாவுக்கோ நினைப்பெல்லாம் மடு, காட்டுக்குள் இருக்கிற அந்த மாதா கோயில். பாதை மூடியிருந்த வருஷங்களில் ஒவ்வொரு ஆவணியிலும் அவர் மாதா படத்துக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார், மாதாதான் பாதையை மூடியது மாதிரி. பிறந்ததிலிருந்து திருநாள் தவறாதவர், சண்டை வந்துதான் தவறவிட்டார். இப்போது பாதை திறந்திருக்க, பெருநாளுக்குச் சில கிழமை இருக்கையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சொன்னது ஒன்றுதான்: நீட்டிப் படுக்கலாம், உட்காரக்கூடாது, மடங்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். பகிடி நின்றது. தேத்தண்ணீர் ஆறிப்போய்த் திரும்பி வந்தது. அவர் அப்படிப் பேசாமல் கிடந்தது எனக்குப் பயமாக இருந்தது. இந்த வருஷம் போகாவிட்டால் இந்த மனிதர் எழும்பமாட்டார் என்று என் மனம் சொன்னது.

வாடகை வான்காரரைக் கேட்டோம், எல்லா வானும் திருநாளுக்குப் பேசப்பட்டுவிட்டன. பேசப்படாததிலும் ஆளை நீட்டிப் படுக்கவைக்க இடமில்லை. உழவு மெசினுக்குப் பின்னால் இழுபடும் பெட்டியில் மெத்தை போட்டுக் கொண்டுபோகலாம் என்று நானாட்டான் வயல்காரர் சொல்லியனுப்பினார்.

"சுறா ஏத்திற மாதிரி என்னைத் திறந்த பெட்டியிலை போட்டு, ஊர் பார்க்கக் கொண்டு போகேலாது," என்றார் அப்பா. "நான் இஞ்சையே கிடக்கிறன்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப அந்த வள்ளத்துக்குள்ளை படுத்துக்கொண்டு போங்கோ. கூரை இருக்கு, கட்டில் இருக்கு, மெத்தை இருக்கு, மெத்தெண்ட வில்லும் இருக்கு. ஒருத்தரும் பார்க்கமாட்டினம்," என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது நடக்கக்கூடிய விஷயம் என்று எனக்கே தெரிந்தது.

அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "அந்தக் கட்டில் என்ன நீளம்?" என்று கேட்டார்.

நீளம் சரி. வாசல்தான் சரியில்லை. அறைக்குப் போகும் வழி, பின்பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து தவழ்ந்து நுழையும் துவாரம். அயலட்டை ஆட்களைக் கூட்டி, அப்பாவை ஒரு பலகையில் கட்டி, இப்படிச் சரித்தும் அப்படித் திருப்பியும் பார்த்தோம். அவர் போட்ட கூச்சலில் தெருவால் போனவர்கள் ஓடி வந்தார்கள். திரும்பக் கொண்டுவந்து பாயில் கிடத்தினோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வடிந்தது. என் அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

இவர் வெளியே போனார். வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பக்கப் பலகையில் கையை வைத்துத் தடவினார், பென்சிலை எடுத்தார், திரும்பக் காதில் செருகினார். வேறு எவரும் அதில் ஒரு ஆணி அடிக்க விடாத மனிதர். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பக்கத்தாலை கட்டில் மட்டத்துக்கு வெட்டினால் பலகையோடை நேரை உள்ளை தள்ளலாம்," என்றார்.

"வெட்டினால் கடலுக்கு?"

"பலகையைத் தாங்கிற விலா மூண்டும் போயிடும். பிறகு கடலுக்கு விடேலாது."

"ஒட்டேலாதோ?"

"விலா ஒட்டுறதில்லை."

இவர் பென்சிலால் கோடு போட்டார். தேத்தண்ணீர் கேட்டார், குடித்தார். "இதைப் பிடியும்," என்று பலகையின் ஒரு முனையை என்னிடம் காட்டினார். மரம் அரியும் வாளை எடுத்தார்.

வீட்டுக்குள்ளிருந்து அப்பா, "என்ன சத்தம் பிள்ளை?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் கதவு வெட்டுறார்."

பின்னேரம் அப்பா நாவிதரைக் கூப்பிடச் சொன்னார், தாடி எடுக்க.

வயல்காரர் தானே உழவு மெசினைக் கொண்டுவந்து ட்ரெயிலரைக் கொழுவினார். தான் சைவமென்றாலும் மடு அம்மாவுக்கு ஒரு கும்பிடு கடன் இருக்கிறது என்றார். அப்பாவைப் பலகையோடு புதுக் கதவு வழியே உள்ளே தள்ளி, கதவை மூடி, பாலம் தாண்டி, ஆமிக்காரன் மறிக்கும் இடத்தில் நின்றோம். ஆமிக்காரன் வள்ளத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"கொஹேத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

"மடுவுக்கு," என்றார் இவர்.

"மடு கடல் இல்லையே," என்றான் அவன், தெரிந்த தமிழில். கதவைத் திறந்தால் உள்ளே தாடி மழித்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவர் படுத்திருக்கிறார். அவன் கூட நின்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். எல்லோரும் சிரித்துவிட்டுப் போக விட்டார்கள். ஆமியின் எல்லை தாண்டி அடுத்த பக்கத்தில் போராளி இயக்கப் பெடியன் ஒருவன் மறித்தான். அவனும் அதையேதான் கேட்டான்.

"காட்டுக்குள்ளை என்னத்துக்கண்ணை வள்ளம்?"

இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்டதை இன்றைக்குத்தான் கண்டதாக வயல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உள்ளே அப்பா, "மெல்ல, மெல்ல, பள்ளம் பார்த்து," என்று கட்டளை போட்டுக்கொண்டே வந்தார். வில்லுத் தகடு தூக்கி அடிக்கவில்லை. அதற்கு நான் சாட்சி.

கோயில் வளவில் பெரிய மர நிழல் ஒன்றில் ட்ரெயிலரை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டோம். அப்பா படுத்தபடியே கோயில் முகப்பைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் அழுதேன், ஏன் ஒளிக்கவேண்டும்.

அதற்குப் பிறகுதான் கூத்து. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வந்த வள்ளம் என்று சனம் நினைத்துவிட்டது. கடலில் தப்பிய யாரோ வள்ளத்தையே காணிக்கையாகக் கொண்டுவந்திருக்கிறாராம். வந்தவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள், பிள்ளைகளின் தலையை வள்ளத்தில் முட்டவைத்தார்கள். ஒரு அம்மா வள்ளத்தின் முன்மூக்கான அணியத்தில் மெழுகுதிரி கொளுத்தி வைக்க, இவர் பாய்ந்தடித்துப் போய் அணைத்தார். சுறா எண்ணெய் குடித்த மரம், பிடித்தால் போச்சு.

"இது நேர்த்தி வள்ளமில்லை அம்மா," என்று இவர் சொல்லத் தொடங்க, உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஆர் சொன்னது?"

பிறகு சொன்னாரே ஒரு கதை. தலைமன்னாருக்கு அங்காலே ஒரு இரவு முழுதும் புயலாம். அலை பனை உயரமாம். மற்ற வள்ளமெல்லாம் கவிழ்ந்ததாம், இது மட்டும் கோழி மாதிரி ஏறி இருந்ததாம். "என்ரை மருமகன்ரை கை பட்ட வள்ளம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளை வரேல்லை," என்றார். துரை போன நாளிலிருந்து அந்த வள்ளத்தின் அடி கடலைத் தொட்டதில்லை. மாதாவின் வளவுக்குள் படுத்துக்கொண்டு இப்படிப் பொய் சொல்கிறாரே, அப்பாவைச் சுவாமியாரிடம் கூட்டிப்போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்விக்கவும் வழியில்லையே என்று நான் பல்லைக் கடித்தேன். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அலை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

இவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, காற்றுப் பார்க்கிற மாதிரி இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். கையையும் தோளையும் பார்த்தாலே கடல் தொழில்காரர் என்று தெரியும். கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"எல்லாம் சரி ஐயா. கடலுக்குப் போற வள்ளத்துக்கு ஆரும் விலாவை வெட்டிக் கதவு வைப்பினமோ?"

சுற்றி நின்றவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவிடம் அதற்கும் ஒரு கதை இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

"அது கடலுக்கு வெட்டினதில்லைத் தம்பி," என்றார். "இத்தனை வருஷமும் மருமகன் கடலிலை விடப்போறன் எண்டு பிள்ளை மாதிரிப் பார்த்த வள்ளம். விடலாமெண்டு வந்த நேரம் நான் விழுந்துபோனன். நான் இஞ்சை வரவேணுமெண்டு வெட்டிப்போட்டார்."

சக்கரத்தடியில் இருந்தவர் எழும்பவில்லை. வந்த ஆள் கிட்டப் போய், வெட்டிய விளிம்பை மேலிருந்து கீழே பெருவிரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"நேரா வெட்டியிருக்கிறார். கை நடுங்கேல்லை," என்றார்.

பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்தக் கை எவ்வளவு நடுங்கியது என்று எனக்குத் தெரியும்.