முப்பத்தாறாவது டப்பா

அந்த மூட்டையை அவிழ்க்க அவளுக்குப் பயம். உள்ளே பாம்பா, தேளா? காலிப் பால் பவுடர் டப்பாக்கள்தான். ஆனாலும் ஒரு வருஷமாகத் தொடவில்லை.

வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்த மகள் வாசலில் நின்றாள். "எல்லாத்தையும் தூக்கிட்டு வர முடியாதும்மா. எங்க வீட்ல ஏது இடம்?"

ஒரு காலத்தில் பெரிய மளிகைக்கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் டப்பா அடுக்குவதுதான் இவள் வேலை. டப்பாக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதலாளி வாரம் ஒரு வடிவம் கேட்பார். அடியில் எட்டு, அதன்மேல் ஏழு என்று குறைத்துக்கொண்டே போய் உச்சியில் ஒன்று வைத்தால் முக்கோணம். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை வைத்தால் சதுரம். இரண்டுக்கும் அதே முப்பத்தாறு. மிஞ்சவும் மிஞ்சாது, குறையவும் குறையாது. இதைக் கண்டுபிடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

கிடங்கிலிருந்து சரக்கு எடுத்துக் கொடுப்பவர் சரியான குசும்பர். ஒருநாள் முப்பத்தைந்துதான் அனுப்பினார். முக்கோணத்துக்கு உச்சி இல்லை. சதுரமாக்கிப் பார்த்தாள், மூலை பொக்கை. விறுவிறுவென்று கிடங்குக்குப் போனாள்.

"எங்க அந்த ஒண்ணு?"

"நீங்க வந்து கேக்கணும்னுதான் எடுத்து வச்சேன்" என்று நீட்டினார். "இது மாதிரி ரெண்டுக்கும் பொருந்துற நம்பர் அடுத்து எதுன்னு போட்டுப் பாத்தேன். ஆயிரத்து இருநூத்து இருபத்தஞ்சு. அதுக்கு இந்தக் கடை தாங்காது. நாம இதையே வச்சுக்குவோம்."

அந்த 'நாம' அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் இருவரின் கல்யாணத்துக்கு முதலாளி தந்த பரிசு அந்த முப்பத்தாறு டப்பாக்கள். மகா கஞ்சன், காலியாகப் பார்த்துத்தான் கொடுத்தார். சமையலறைச் சுவரோரம் முக்கோணமாக அடுக்கி வைத்தாள். சண்டை வந்தால் இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு காலையில் உச்சி டப்பா காணாமல் போயிருக்கும். "எங்க அந்த ஒண்ணு?" என்று இவள் கேட்க வேண்டும், அவர் எங்கிருந்தாவது எடுத்து நீட்டுவார். அத்தோடு சண்டை தீர்ந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையே அந்த வீட்டில் புழங்கியதில்லை.

கடைசிச் சண்டை, ஃபேனை எத்தனையில் வைப்பது என்பதற்காக. மறுநாள் விடிந்ததும் அவர் வெளியே போனார். இவள் வீம்புக்குச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தெருமுனையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் கூட்டம் சேர்ந்தபோது, இடத்தை அடைக்கிறதென்று யாரோ டப்பாக்களை மூட்டை கட்டிவிட்டார்கள். அதில் முப்பத்தாறும் இருந்துவிட்டால், மனுஷன் கோபத்தோடுதான் போயிருக்கிறார். அதை எப்படித் தாங்குவது?

இன்றைக்கு வேறு வழியில்லை. தரையில் உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தாள். எட்டு, ஏழு, ஆறு. கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. இரண்டு வைத்தபின் மூட்டைக்குள் துழாவினாள். உதறினாள். துருதான் கொட்டியது.

"ஒண்ணு குறையுதுடி."

"வந்தவங்க யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க, விடும்மா" என்று சொல்லிவிட்டு மகள் அப்பாவின் அலமாரியைக் காலி செய்யப் போனாள்.

அப்படியும் இருக்கலாம்தானே? அவள் முகம் தொங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, அப்பா சட்டைங்களுக்கு அடியில ஒரு பால் பவுடர் டப்பா இருக்கு. இது எதுக்கு இங்க?"

அவள் எழுந்து போனாள். மகள் கையிலிருந்ததைப் பார்த்தாள், வாங்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளின் பக்கம் திரும்பினாள்.

"எங்க அந்த ஒண்ணு?" என்று கேட்டாள்.

ஒன்றும் புரியாமல் மகள் டப்பாவை நீட்டினாள்.