ஏழு உத்திரங்கள் சாய்ந்த சுவர்

அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டே தலை நரைத்தவள் நான். சுவரைப் பார்த்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு நினைப்பு உண்டு. காரைக்காலில் வாசலில் ஒரு வளைவு இருந்துவிட்டால் போதும், கேமராவோடு வருகிறவர்கள் உடனே பிரெஞ்சு வீடு என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளைவு அன்றைய மோஸ்தர், அவ்வளவுதான். உள்ளே போனால் முற்றம், மரத்தூண், தலைக்கு மேல் பனை உத்திரம். எல்லாம் நம் ஊர்க் கொத்தனார் கை. இதையெல்லாம் அவர்களுக்கு விளக்கிவிட்டு, இந்தத் தெருவிலேயே எங்கள் வீடுதான் மூத்தது என்று கடைசியில் ஒரு போடு போடுவேன்.

பக்கத்து வீட்டு டீச்சர், தன் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசமாட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். எங்கள் கூடத்தின் ஏழு உத்திரங்களும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுவர் போனால் கூரை தலையில் இறங்கும். கூடம் போனால் எங்களுக்கு வீடே இல்லை.

நானா விடுவேன்? சுவர் எங்களுடையது என்று அடித்துப் பேசினேன். பூச்சைக் கொத்திப் பார்ப்போம், யார் சுவரோ அவர்கள் சொல்வதுதான் முடிவு என்று நானே வாயை விட்டேன். டீச்சரும் சரி என்றார்.

மறுநாள் காலை அவர்கள் பக்கத்துக் கொத்தனார் எங்கள் கூடத்துக்கு வந்து, ஓர் உத்திரத்தின் முனையைச் சுற்றிச் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்தார். எனக்குத் துளியும் பயமில்லை. சுவரையும் உத்திரத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தால், செங்கல் முழுசாக உத்திரத்தை அணைத்தபடி வரிசையாக நிற்கும். அதைத்தான் காட்டப்போகிறேன் என்று டார்ச்சோடு நின்றேன்.

பூச்சு உதிர்ந்ததும் பார்த்தால், உத்திரத்தைச் சுற்றி ஒரு செங்கல்கூட முழுசாக இல்லை. அடுத்த உத்திரத்தையும் கொத்தச் சொன்னேன். அங்கேயும் அதே கதைதான். செங்கற்களெல்லாம் பாதியில் உடைபட்டிருந்தன. இடுக்கில் கல்துண்டுகளைத் திணித்துச் சாந்து அப்பியிருந்தார்கள். சுவர் முதலில் நின்றிருக்கிறது. எங்கள் வீடு பிற்பாடு வந்து, அதில் ஓட்டை போட்டு உத்திரத்தைச் சொருகியிருக்கிறது.

கொத்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய என்ஜினியர் ஓரமாக நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். உடைந்த செங்கல்லைப் பார்த்துப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான்.

"என்னக்கா தெரியுது?" என்றார் டீச்சர்.

எங்களுடையதுதான் என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. பொய் சொன்னால் பிடிக்க அங்கே ஆளில்லை. ஆனால் இத்தனை வருஷம் சுவர் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, அதன் முன்னாலேயே நின்று நான் பொய் சொல்வதா? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"சுவரு உங்களுது டீச்சர். எங்க வீடுதான் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டிருக்கு."

உடைந்த செங்கல்லைக் காட்டி விளக்கினேன். அவர் அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏக்கா, இவ்வளவு ஓட்டை போட்டிருக்காங்க. எங்க வீட்டுல இருந்தவங்களுக்குச் சத்தம் கேக்காமயா இருந்திருக்கும்?"

கேட்டிருக்கும் என்றேன். ஒரு நாள் சத்தமா அது!

"அப்ப அவங்க சரின்னுதான் சொல்லியிருக்காங்க. இப்ப நான் வந்து இல்லன்னு சொல்லவா?"

சுவரில் கை வைக்காமல், புது வீட்டுத் தூண்களைத் தங்கள் பக்கம் உள்ளே தள்ளிப் போடும்படி என்ஜினியரிடம் சொன்னார். சுவரை ஒட்டி வரும் அறை மிகவும் குறுகிவிடும் என்று அவர் இழுத்தார். கட்டில் போட இடம் இருந்தால் போதும் என்று டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். நான் கொத்தனார் எதிரிலேயே அழுதுவிட்டேன்.