சாமி மாடத்தில் ஒரு டப்பா எண்ணெய் மாத்திரை

கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடிய பிறகும் எனக்குப் பிள்ளை இல்லை. உடம்பு மட்டும் வஞ்சனையில்லாமல் வளர்ந்தது. பெரம்பலூர் டாக்டரம்மா, "மொதல்ல எடையக் குறைங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அரியலூரில் எங்கள் வீட்டுக்குள் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மாமியாரின் அக்கா ஜெயங்கொண்டத்திலிருந்து வரும்போதெல்லாம், "தம்பிக்கு இன்னொரு பொண்ணு பாத்தா என்ன?" என்பார். அடுப்படியில் இருக்கும் என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொல்வார். என் மாமியார் வாயே திறக்க மாட்டார். பெரியத்தையின் பேச்சைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஆபீஸில் பக்கத்து மேஜைத் தோழி லப்பைக்குடிக்காட்டுக்காரி. அவள் கணவர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. இடுப்பில் அளவு நாடா சுற்றிய வெள்ளைக்காரியின் படம் போட்ட டப்பா. உள்ளே எண்ணெய் அடைத்த தங்க நிற மாத்திரைகள்.

"கொழுப்பக் கரைக்குமாம். அங்க ஜிம்முக்குப் போறவங்கல்லாம் இதத்தான் முழுங்குறாங்களாம். எங்க மச்சான் கொண்டாந்தாங்க. ஹலாலான்னு நானே பாத்துட்டேன், தைரியமா சாப்புடு."

கொழுப்பைக் கரைக்க எண்ணெய் குடிப்பது எந்த ஊர் நியாயம் என்று தோன்றத்தான் செய்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாங்கிக்கொண்டேன். விடியற்காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடக்கவும் தொடங்கினேன்.

புரட்டாசி பிறந்தது. மீன் சட்டி பரணில் ஏறியது. வீட்டைக் கழுவிவிட்டோம். எனக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று மாமியார் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்ததால் சனிக்கிழமைதோறும் இருவரும் நடந்தே போய் வந்தோம். மாத்திரை மறந்துவிடக் கூடாதென்று டப்பாவைச் சாமி மாடத்தில், பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். குளித்து, கும்பிட்டு, துளசித் தண்ணீரோடு ஒன்று விழுங்குவேன். ஏப்பத்தில் ஒரு வாடை வரும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மீன் கடைகள்மேல் பழியைப் போட்டேன்.

அந்த மாதம் பெரியத்தை எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. எங்கோ பெண் பார்த்துக்கொண்டு அலைகிறார் என்று நினைத்து நினைத்தே என் தூக்கம் கெட்டது.

ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பும் நேரம். தேங்காய் எடுக்க வந்த மாமியார் மாடத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன புள்ள, கவுச்சி அடிக்குது?"

பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்தது. மாடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து பெருமாளை அண்ணாந்து பார்த்தது.

"இது எப்பலேர்ந்து சாமி கும்புட ஆரம்பிச்சுது?" என்றார் மாமியார்.

டப்பாவை எடுத்தேன். வெக்கையில் ஒரு மாத்திரை வெடித்து மூடியோரம் எண்ணெய் கசிந்திருந்தது. வாசல் வெளிச்சத்தில் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முதன்முறையாகப் படித்தேன். மீன் எண்ணெய். தோழி அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள். நான் பார்க்க வேண்டியதை யார் பார்ப்பது? படித்த முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விரதம் போச்சு, பிள்ளை போச்சு. இந்தச் சேதி ஜெயங்கொண்டம் போனால், வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த கதைதான். மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அத்த, இது மீன் எண்ணெயாம். தெரியாம தெனம் முழுங்கிட்டேன். துளசித் தண்ணியோட." அதற்குள் அழுகை வந்துவிட்டது.

மாமியார் டப்பாவை வாங்கி முகர்ந்தார், மூக்கைச் சுளித்தார். பெருமாளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"பெருமாளு எடுத்த மொத அவதாரமே மீனுதான? அவரா கோச்சுக்கப் போறாரு?" என்று டப்பாவை அடுப்படி அலமாரிக்கு மாற்றினார். "வேண்டிக்கிட்டது நானு. வெரதத்த நான் பாத்துக்குறேன். டாக்டரம்மா சொன்னத நீ பாரு."

"பெரியத்த காதுக்குப் போச்சுன்னா..."

"அவ கெடக்குறா. இன்னொரு பொண்ணு கின்னொரு பொண்ணுன்னு பேசறதா இருந்தா இந்த வாசப்படி ஏறாதன்னு எப்பவோ சொல்லிட்டேன். ஒரு மாசமா அவ ஏன் வரலன்னு நெனச்ச?"

அப்பாடா என்றிருந்தது. வேறெப்படிச் சொல்ல? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூனை என் மடியில் ஏறப் பார்த்தது. கையில் எண்ணெய் வாடை. மாமியார் அதை விரட்டிவிட்டு, "மறுபடி குளிச்சுட்டு வா, வெயில் ஏறுது" என்றார்.

எடை குறைந்தது. எண்ணெயாலா, நடையாலா, தெரியாது. மகள் அடுத்த வருஷம் பிறந்தாள். அதற்கும் யார் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு தீரவில்லை. நான் நினைத்துக்கொள்வது அந்தப் புரட்டாசி முடிந்து வந்த ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கிழமையைத்தான். பரணிலிருந்து சட்டி இறங்கியது. விரால் குழம்பு. எப்போதும் தன் மகன் தட்டுக்குப் போகும் நடுத்துண்டை மாமியார் என் தட்டில் வைத்தார்.

"மாத்திரையா முழுங்குனல்ல? இப்ப மீனாவே தின்னு."