ஹிசானோ கமகுரா போய்வந்த நாள்

போரில் இறந்துவிட்டான் என்று ராணுவம் சொல்லி அனுப்பிய ஷூஸோ, போர் முடிந்து நாலு வருஷம் கழித்து ஒரு மழை நாளில் யோகோஹாமா வீட்டு வாசலில் வந்து நின்றான். சைபீரியச் சிறைமுகாமிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கதவைத் திறந்தவள் அவன் மனைவி ஹிசானோதான். அவள் இடுப்பில் இருந்த குழந்தை மட்டும் அவன் தம்பி தெய்ஜியினுடையது.

யாரைக் குற்றம் சொல்வது? பிறந்த வீட்டார் அத்தனை பேரும் குண்டுவீச்சில் போய்ச் சேர்ந்தபின், அவளுக்குப் போக்கிடம் இல்லை. மாமனார் சாகக் கிடந்தபோது இளைய மகனின் கையை எடுத்து அவள் கையில் வைத்தார். அண்ணி அண்ணி என்று பின்னால் சுற்றிய பையன். ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டுச் சம்மதித்தாள். தெய்ஜி துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், குடிக்கவில்லை, அடிக்கவில்லை. ஃபுமி பிறந்த பிறகு ஹிசானோ அவ்வப்போது சிரிக்கவும் செய்தாள்.

ஷூஸோ முன்னறையில் படுத்துக்கொண்டான். உள்ளறைக்கும் அவனுக்கும் நடுவே காகிதம் ஒட்டிய ஒரு கதவுதான். மூன்று பேரும் இருமக்கூட யோசித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்கள். தெருக்குழாயடியில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

"ஹிசானோவுக்கு என்ன குறைச்சல்? ஊர்ல பாதிப் பேருக்குப் புருஷனே இல்ல, அவளுக்கு ரெண்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்ஜிதான் பேச்சை எடுத்தான். கல்யாணமான புதிதில் அண்ணனும் அவளும் கமகுரா புத்தரைப் பார்க்கப் போனது அவனுக்குத் தெரியும். இன்றைக்கும் இருவரும் போய்வரட்டும் என்றான்.

"என்ன முடிவு பண்ணினாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணி," என்றான். அவளைக் கட்டிக்கொண்ட பிறகு அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பிறகு குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "ஃபுமி இங்கேயே இருக்கட்டும்."

அதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. அவன் மேல் கோபம்கூட வரவில்லை.

ரயிலில் உட்கார இடம் இருந்தும் ஷூஸோ கதவோரமே நின்றான். அவள் கட்டிவந்த வாற்கோதுமைச் சோற்றுருண்டையைக் கொடுத்தபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பாதியைத் தின்றான். மீதியைக் கோட்டுக்குள் ஒளித்தான். ஒளித்த கையில் இரண்டு விரல்கள் இல்லை. அந்தக் கையைப் பார்த்த கணத்தில் ஹிசானோ தீர்மானித்துவிட்டாள். இவனைத் தனியே விடக்கூடாது. ஃபுமியை விட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருக்கும். ஆனாலும் தீர்மானம் மாறவில்லை.

கமகுராவில் இறங்கி, சின்ன ரயில் மாறி, ஹாஸே நிலையத்திலிருந்து நடந்தார்கள். புத்தர் வெட்டவெளியில், மடியில் கைகளைச் சேர்த்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் அமெரிக்கச் சிப்பாய்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷூஸோ அவர்களைத் தவிர்த்து, சிலையின் பக்கவாட்டுக் கதவு வழியே உள்ளே போனான். அவளும் பின்னாலேயே போனாள். உள்ளே வெறும் கூடு. முதுகுப்புற ஜன்னலிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. வெண்கலச் சுவர் சில்லென்றிருந்தது. வேறு யாரும் இல்லை.

"நான் உங்களோடயே வந்துடறேன்," என்றாள். "எங்கே வேணும்னாலும்."

அவன் சுவரைத் தடவிக்கொண்டே நின்றான்.

"ரெண்டாவது குளிர்காலத்திலயே உன் முகம் எனக்கு மறந்துபோச்சு, ஹிசானோ. எத்தனையோ நாள் நினைச்சுப் பார்த்தேன். வரவே இல்ல. அப்புறம் நினைக்கறதையே விட்டுட்டேன். கப்பல்ல ஏத்தினாங்க, வந்தேன். அவ்வளவுதான்."

"பொய் சொல்றீங்க."

"கதவைத் திறந்தப்போ, யாரோ குடித்தனக்காரங்கன்னுதான் நினைச்சேன்."

அவள் முகத்துக்கு நேரே பார்த்துத்தான் சொன்னான். ஆனால் அந்த இருட்டில் அவன் கண்களை அவளால் படிக்க முடியவில்லை. அவளை விடுவிக்கச் சொன்ன பொய்யா, நிஜமாகவே அவனுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லையா? அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. எது நிஜமாக இருந்தாலும் வலித்தது.

கமகுரா நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டு, தான் அடுத்த வண்டியில் வருவதாகச் சொன்னான். வரமாட்டான் என்று இருவருக்குமே தெரியும். ஜன்னலோரம் வந்து, "தெய்ஜி நல்லவன்," என்றான். வண்டி நகர்ந்ததும் திரும்பி நடந்தான்.

வீட்டில் தெய்ஜி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஃபுமி அழுது அழுது தூங்கியிருந்தாள். ஹிசானோ முள்ளங்கியை நறுக்கிக் குழம்பு வைத்தாள். மூன்று கிண்ணங்களை எடுத்தவள், ஒன்றைத் திரும்ப வைத்தாள்.

ஷூஸோ வடக்கே ஹொக்கைதோ நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்வதாக யாரோ சொல்லக் கேள்வி. அதற்குமேல் தகவல் இல்லை. அவளுக்கு மகன் ஒருவன் பிறந்தான். தெய்ஜிக்கு முதுகு கூன ஆரம்பித்தது.

பிறகொரு கோடையில், முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் ஓபோன் நாளில், தெய்ஜி பூசை மாடத்தில் அப்பாவுக்கு வைத்த சாக்கே மதுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணமும் வைத்து ஊற்றினான்.

"அது யாருக்கு?" என்று கேட்டாள்.

"அண்ணனுக்கு."

"எப்போ?"

"பிப்ரவரியில. சுரங்கம் சரிஞ்சுடுச்சாம்."

கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பிப் போன அந்தக் குளிர்கால வாரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. எல்லாக் காரியத்தையும் தனியாகவே முடித்துவிட்டு வந்திருக்கிறான். அவள் அவனைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஊதுபத்தியைக் கொளுத்தக் கை நீட்டினாள். தீக்குச்சி அணைந்து அணைந்து போயிற்று. தெய்ஜி பெட்டியை வாங்கி, தானே கொளுத்திக் கொடுத்தான்.