சனிக்கிழமைத் தக்கை

நாற்பத்தெட்டு வயது வரைக்கும் ஆரோக்கியதாஸ் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. மீன் தின்பதிலும் அவருக்குப் பெரிய ஆசை கிடையாது. முள் எடுக்கச் சோம்பல். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மாதா கோயில் தெருவில் வீடு. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகள் ஏறியதும் வேனுக்குள் ஒரே கூச்சல். சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போனபின், வெறும் வேனை ஓட்டிக்கொண்டு வருவது அவருக்குப் பிடிக்காது. வீடும் அப்படித்தான் இருந்தது.

அவர் மனைவி ஜெஸி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மகள் அனிட்டா ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். ஜெஸி அவருக்குத் தாய்மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவளுக்கு அவர் மாமாதான்.

ஆரம்பத்தில் தினமும் போனில் பேசினார்கள்.

"சாப்ட்டியா மாமா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. இன்னா கொழம்பு?"

"ரசந்தான்."

அதற்குமேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. பக்கத்திலேயே இருந்தபோது பேச்சு தேவைப்பட்டதில்லை. அவள் அடுப்படியில் பாத்திரம் உருட்டுவாள், இவர் வாசலில் வண்டி துடைப்பார், அது போதும். இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுவிட்டு, "சரி வெச்சிடட்டா?" என்று வைத்துவிடுவார்கள். தினமும் பேசியது வாரம் இரண்டு தடவை ஆயிற்று.

ஒரு மழைக்காலத்துச் சனிக்கிழமை, வேன் டயர் பஞ்சராகி மணலூர்பேட்டையில் நின்றார். பஞ்சர் ஒட்டும்வரை சும்மா நிற்காமல் ஆற்றுப் பக்கம் நடந்தார். பெண்ணையாற்றில் அந்த வருஷம் நல்ல தண்ணீர். பாலத்துக்குக் கீழே நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியதாஸ் அவர்களுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஜெஸி எப்ப வருது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. தெருவில் அவரால் நாலு வீடு தாண்டிப் போக முடியாது, அந்தக் கேள்வி வந்துவிடும். அடுத்த வாரமே திருக்கோவிலூர் போய் நரம்பும் முள்ளும் தக்கையும் வாங்கினார். மூங்கில் கழியைத் தெருக்கோடியில் வெட்டிக்கொண்டார்.

முதல் இரண்டு வாரமும் மீன்கள் புழுவை மட்டும் தின்றுவிட்டுப் போயின. மூன்றாவது வாரம் கெளுத்தி ஒன்று மாட்டியது. அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வெறுங்கையால் அமுக்கினார். அது தன் முள்ளால் கட்டைவிரலில் குத்திவிட்டது. திங்கட்கிழமை வேன் ஸ்டியரிங்கை நாலு விரலால்தான் பிடித்தார். அப்புறம் ஓர் ஏரியில் போட்டுப் பார்த்தார். குத்தகைக்காரரின் ஆள் வந்து விரட்டினான். ரிஷிவந்தியம் பக்கத்தில் யாரும் ஒன்றும் சொல்லாத ஒரு சிறிய தாங்கல் ஏரியைக் கண்டுபிடித்தபின் ஜிலேபி மீன்கள் கிடைக்க ஆரம்பித்தன. உள்ளங்கை அகலத்துக்குமேல் ஒன்றும் இருக்காது. அவற்றைப் பின்வீட்டு ராஜாம்பாளிடம் கொடுத்துவிடுவார். ராஜாம்பாள் களை எடுக்கப் போகிறவள், அவரைவிடப் பத்து வயது மூத்தவள். "இதுக்கா தாசு நாள் பூரா வெயில்ல குந்திக்கினு கெடந்த?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தாங்கல் கரையில் இருந்தபோது ஜெஸி வீடியோவில் கூப்பிட்டாள். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த அம்மாவின் தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம் மட்டும் வீட்டில் அவள் தனி.

"எங்க மாமா கீற? பின்னால இன்னா அது தண்ணியா?"

"தூண்டி போட்டுக்கினு கீறேன்."

"நீயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காட்டு, பாக்கறேன்."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். பச்சைத் தண்ணீர், அதில் சிவப்புத் தக்கை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவர் வாய் எடுத்தபோது அவளே தடுத்தாள்.

"பேசாத மாமா. தக்க ஆடுது பாரு."

தக்கை இரண்டு தடவை முங்கி எழுந்தது. அவர் கழியைத் தூக்கினார். வெறும் முள்தான் வந்தது. "ச்சே" என்றாள் ஜெஸி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் போல. "மறுபடியும் போடு."

அப்படித்தான் அந்த வழக்கம் உண்டாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் எந்தத் தண்ணீருக்குப் போனாலும், கவைக்குச்சி ஒன்றைக் கரையில் நட்டு, அதில் போனை ரப்பர் போட்டுக் கட்டி, தக்கையைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். குவைத்தில் ஜெஸி துணி இஸ்திரி போட்டுக்கொண்டே பார்ப்பாள். இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விடும் சத்தம் கரையில் கேட்கும். பேச்சு ரொம்பக் கம்மி. "வலது பக்கம் கொமிழி வுடுது பாரு" என்பாள். "பாத்தேன்" என்பார். சில நாள் அவள் பக்கம் சத்தமே இல்லாமல் போகும். எட்டிப் பார்த்தால், நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கியிருப்பாள். அவர் போனை நிறுத்தமாட்டார். மீன் மாட்டினால்கூடச் சத்தம் போடாமல் இழுப்பார்.

கோமுகி அணைக்கு ஒரு தடவை போனார். கை நிறையக் கெண்டை கிடைத்தது. இன்னொரு தடவை அதே அணையில், அதே இடத்தில், இருட்டும்வரை ஒன்றுகூட இல்லை. கிடைக்காத நாளில்தான் ஜெஸி அதிக நேரம் பார்த்தாள். "இரு மாமா, இன்னும் கொஞ்ச நேரம். இப்ப வரும்" என்பாள். மறுபடி மழை பெய்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது.

அந்தச் சனிக்கிழமை மணலூர்பேட்டைக்குப் போனார். தண்ணீர் வேகமாக இருந்ததால் மற்றவர்கள் யாரும் வரவில்லை. கரையோரப் பாறை ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்தில் மண்ணில் கவைக்குச்சியை நட்டார். ஜெஸி வந்தாள். கோதுமை மாவை உருட்டி முள்ளில் குத்திப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தக்கை ஆடவேயில்லை, நேராக உள்ளே போயிற்று. கழி வில்லாக வளைந்தது.

"மாமா! மாமா! பெருசு!"

அவர் எழுந்தார். அப்படி ஒரு பாரத்தை அதுவரை அவர் கை கண்டதில்லை. மீன் ஓட்டத்தோடு சேர்ந்து இழுத்தது. ஒரு காலை முன்னால் வைத்தார்; பாறை வழுக்கியது. "ஐயோ" என்று கத்திக்கொண்டே இடுப்புவரை தண்ணீருக்குள் சரிந்தார். சரியும்போது கால் தட்டிக் கவைக்குச்சி சாய்ந்து, போனும் தண்ணீருக்குள் போயிற்று. அவர் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டார். நரம்பு அறுந்து மீன் போய்விட்டது. ஒரு கால் செருப்பையும் ஆறு கொண்டுபோய்விட்டது. போன் விழுந்த இடத்தில் கழியை விட்டுத் துழாவினார். கழி தரையைத் தொடவில்லை.

ஜெஸி எடுத்துக் கொடுத்த போன் அது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்கு யோசனை ஓடியது. வழக்கமாகச் சிக்னல் போகுமே, அதுபோல என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்று இருந்தார். வேறுவிதமாக நினைப்பாள் என்று தோன்றவேயில்லை. யாருடைய நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது. மிச்சமிருந்த ஒரு செருப்பைப் பாறைமேலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு பைக்கை எடுத்துத் திருக்கோவிலூர் போன் கடைக்குப் போனார். பழைய நம்பரையே வாங்க வேண்டுமானால் ஆதார் கார்டோடு திங்கட்கிழமை வரச்சொன்னார்கள். டீக்கடையில் உட்கார்ந்து துணியைக் காயவிட்டு, மெதுவாக ஊருக்குக் கிளம்பினார்.

ஜெஸி பார்த்தது வேறு. கழி வளைந்ததைப் பார்த்தாள். மாமாவின் "ஐயோ" கேட்டது. வானம் சுழன்றது, கலங்கல் தண்ணீர் தெரிந்தது, பிறகு கறுப்பு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் ராஜாம்பாளை அவள் மகனுடைய போனில் கூப்பிட்டு, "அக்கா, மாமா ஆத்துல பூட்டாரு" என்று அலறினாள்.

ஆரோக்கியதாஸ் தெருமுனையில் திரும்பியபோது தன் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டார். யாருக்கு என்ன என்று பயந்துகொண்டே வண்டியை நிறுத்தினார். மாதா கோயில் உபதேசியார் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்றுக்குப் போன பையன்கள் கொண்டுவந்த ஒற்றைச் செருப்பு வாசற்படியில் இருந்தது. முதலில் அவரைப் பார்த்தவள் ராஜாம்பாள்தான். எழுந்து ஓடிவந்து அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"பாவி, உசுரோடவா கீற? அது அங்க கத்திக் கத்திச் சாவுதுடா!"

ஜெபமாலை நின்றது. ஒருவர் சிரிக்க, இன்னொருவர் அழ, யாரோ அவர் கையில் போனைத் திணித்தார்கள்.

"ஜெஸி."

அந்தப் பக்கம் அழுகைகூட வரவில்லை, விக்கல் மாதிரி ஒரு சத்தம். அவர் பின்கட்டுக்கு நகர்ந்து, மாட்டுக்கொட்டகை இருட்டில் நின்றார்.

"வழுக்கிருச்சி. போனுதான் போச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல."

விக்கல் அடங்கியதும் அவள் கேட்டாள், "மீனு?"

"அறுத்துக்கினு பூடுச்சி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜெஸி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மாமா, நீ செத்துட்டேன்னு மேடத்துகிட்ட சொல்லிட்டேன். அவங்களும் அழுதாங்க. டிக்கெட் போட்டுட்டாங்க. நாளைக்கு மத்தியானம் பிளைட்டு."

அவள் போய் இரண்டு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது. இடையில் இரண்டு தடவை லீவு கேட்டு, இரண்டு தடவையும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போயிருந்தது.

"நான் இப்ப இன்னா சொல்றது மாமா?"

அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாத" என்றார்.

"இன்னா?"

"நான் உசுரோட கீறத சொல்லாத. ஏறி வந்துடு."

"ராவு யோசிச்சிச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆரோக்கியதாஸ் அன்று படுக்கவில்லை என்றே சொல்லலாம். வீட்டைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போர்வையையும் தலையணை உறையையும் துவைத்துக் கொடியில் போட்டார். பூசைக்குப் போனார், என்ன வாசகம் வாசித்தார்கள் என்று கேட்டால் சொல்லியிருக்கமாட்டார். திரும்பி வந்தபோது ராஜாம்பாள் போனோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் மாமா" என்றாள் ஜெஸி. "அவங்க என்னக் கட்டிப்புடிச்சிக்கினு அழறாங்க, நான் எப்படிப் பொய் சொல்லிட்டு வர்றது? நீ உசுரோட கீறன்னதும் அவ்ளோ சந்தோசம். புள்ளைங்களுக்கெல்லாம் சாக்லேட்டு குடுத்தாங்க. உனக்கு ஒரு சட்ட எடுத்து அனுப்பறேன்னாங்க."

"டிக்கெட்டு?"

"கேன்சல் பண்ணிட்டாங்க."

"நல்லவங்கதான்" என்றார் ஆரோக்கியதாஸ்.

"ரொம்ப நல்லவங்க மாமா."

அவர் போனைக் கொடுத்துவிட்டுக் கொடியருகே போனார். போர்வை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ராஜாம்பாள் மத்தியானம் ஒரு கிண்ணத்தில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

புதுப்போன் வாங்கினார். அடுத்த சனிக்கிழமை தாங்கல் கரையில் கவைக்குச்சியை நட்டு, வழக்கம்போலக் கூப்பிட்டார். தண்ணீர் திரையில் வந்ததும் ஜெஸி, "வேணாம் மாமா, திருப்பு" என்றாள். "தண்ணியப் பாத்தா அன்னிக்கு நீ கத்தினதுதான் கேக்குது. வூட்டுக்குப் போ. இனிமே தூண்டி போடாத."

"சரி" என்றார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். சாப்ட்டியா, ஆச்சு, இன்னா கொழம்பு. பின்னால் இஸ்திரிப் பெட்டி சத்தம் கேட்டது. பார்ப்பதற்குச் சுவர்தான் இருந்தது. சில வாரங்களில் சனிக்கிழமை அழைப்பு சுருங்கிப்போயிற்று. மேடத்துக்கு நாலாவது குழந்தை பிறக்கப்போகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். அவர் "உன் இஷ்டம்" என்றார். அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்தவள்போலக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்தாள்.

தை மாதம் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மூங்கில் கழியைப் பைக்கில் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினார். வளைவுகள் ஏற ஏறப் போனில் சிக்னல் குறைந்து, கரியாலூர் தாண்டியதும் சுத்தமாகப் போய்விட்டது. ஓடையோரமாக நடந்து பாறைகளுக்கு நடுவே ஒரு மடுவைக் கண்டுபிடித்தார். தெளிந்த தண்ணீர். பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் தக்கையைப் போட்டார்.

அன்றுபோல அவருக்கு மீன் கிடைத்ததில்லை. போட்டவுடன் முங்கியது. கெண்டை வந்தது, மறுபடி கெண்டை, பிறகு முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். விராலைக் கரையில் இழுத்துப் போட்டபோது, "பாத்தியா?" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னபிறகு சுற்றிலும் பார்த்துக்கொண்டார். மரத்தில் குரங்கு ஒன்று இருந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் மீன் கொத்திக்கொண்டேதான் இருந்தது. அவருக்குத்தான் போதும் என்று ஆகிவிட்டது. நரம்பைச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த மலைக்காரப் பெண்ணிடம் மீனையெல்லாம் கொடுத்தார். "இவ்வளவும் எனக்கா? ஒங்க வூட்ல கேக்க மாட்டாங்களா?" என்றாள். "வூட்ல ஆளு இல்லம்மா" என்றார்.

மலை இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் சட்டைப்பையில் போன் வரிசையாகக் கூவியது. எல்லாம் ஜெஸி. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார்.

"எங்க போன மாமா? மத்தியானத்துலேருந்து லைனு போவல."

கையில் மீன்வாடை இருந்தது. "வூட்லதான் இருந்தேன்" என்றார். "போன் சார்ஜ் இல்ல."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஜெஸி அது ஓயும்வரை இருந்தாள்.

"சரி" என்றாள். "வெயில்ல ரொம்ப அலையாத."

"ம்" என்றார் ஆரோக்கியதாஸ்.