இரண்டாவது முறை வைத்த விரல்

திருவனந்தபுரத்தில், சாலை என்ற பஜாரில் ஆணி, கயிறு விற்கும் கடை எங்களுடையது. ப்ரீபெய்டு ரீசார்ஜ் செய்ய மறந்து அடிக்கடி போன் முடங்கியதால் போஸ்ட்பெய்டுக்கு மாறலாம் என்று தீர்மானித்தேன். தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருந்த சிம் கம்பெனி ஏஜென்டிடம் மனைவியோடு போனேன்.

மறைமுகக் கட்டணம் ஏதாவது இருக்கும் என்ற சந்தேகத்தில் அரை மணி நேரம் அவரைக் குடைந்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர், கைரேகைக் கருவியை நீட்டினார். விரலை வைத்தேன்.

"பதிஞ்சில்ல அண்ணாச்சி. ஒண்ணுகூடி வைங்க."

கயிறு இழுத்துத் தேய்ந்த விரல் எனக்கு. ரேஷன் கடையிலும் இதே கதைதான். என் விரலைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு மறுபடி வைத்தேன்.

கடைக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "ரேஷன் கடையில பதியலேன்னா சிவப்பு லைட்டுல்லா எரியும்? இங்க ரெண்டு தடவையும் பச்சைதானே எரிஞ்சுது?"

நேராகக் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். என் பெயரில் இன்னொரு நம்பரும் சற்றுமுன் பதிவாகியிருந்தது. அதை முடக்கச் சொல்லிவிட்டு போலீஸில் புகார் கொடுத்தோம். மறுநாள் தெருமுனையில் குடை இல்லை.

கட்டணத்தை அவ்வளவு சந்தேகித்தவன், விரலைக் கேட்டதும் கேள்வியே இல்லாமல் நீட்டிவிட்டேன். இப்போதெல்லாம் யார் 'பதியவில்லை' என்று சொன்னாலும், கருவியை என் பக்கம் திருப்பச் சொல்கிறேன். என் விரல் தேய்ந்ததுதான். பச்சை லைட் என் கண்ணுக்குத் தெரியும்.